‘ஒய்’ அழுத்தச் சொல்லும் திரை, காது கேட்காத கீபோர்டு: அசெம்பிள் செய்த கணினியில் வயர்லெஸ் சாதனங்கள் (நிகழ்வு ஆய்வு)

கணினி இதுதான்: ரைசன் 5 7600 புராசசர், வைஃபை உள்ள பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5-6000 ரேம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. புராசசரில் உள்ளதே போதும் என்று முடிவு. மேசைமேல் வயரே தெரியக் கூடாது என்பது உரிமையாளரின் ஆசை. ஏற்கெனவே லேப்டாப்பிலும் டேப்லட்டிலும் ஓடிக்கொண்டிருந்த மெல்லிய ப்ளூடூத் கீபோர்டு ஒன்று கையில் இருந்தது. கூடவே டாங்கிளுடன் (யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன ரிசீவர்) வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் மவுஸ். மதர்போர்டுப் பெட்டியின் மேலேயே ப்ளூடூத் என்று அச்சிட்டிருக்கிறது, கீபோர்டிலும் ப்ளூடூத். வயர் கீபோர்டு எதற்கு என்று யாருக்குமே தோன்றவில்லை.

அசெம்பிள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது, திரை கருப்பாகவே நின்றது, போர்டின் ஓரத்தில் ‘டிராம்’ என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்தது. இது கோளாறு அல்ல. புதிய டிடிஆர்5 ரேமை முதன்முறை பார்க்கும் ஏஎம்5 (இந்த ரைசன் புராசசர் உட்காரும் சாக்கெட் வகை) போர்டு, அதன் நேர அளவுகளைச் சோதித்துச் சோதித்துப் பொருத்திக்கொள்ளும். மெமரி ட்ரெயினிங் என்று இதற்குப் பெயர். சில நிமிடம் பிடிக்கும். ரேம் அளவு கூடக்கூட நேரமும் கூடும். இடையில் பொறுமையிழந்து பவரை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்துப் பதினைந்து நிமிடமாவது விட்டுவைத்துப் பார்க்காமல் ரேமைக் கழற்றக் கூடாது.

நிமிடங்கள் கழித்துத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. புதிய புராசசர் பொருத்தப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம் (ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் பகுதி, புராசசருக்குள்ளேயே இருப்பது) பதிவுகள் பொருந்தவில்லை, அழித்துப் புதிதாகத் தொடங்க ‘ஒய்’, பழையதை வைத்துக்கொள்ள ‘என்’ என்று ஒரு செய்தி. ஏஎம்டி போர்டுகளில் புதுப் புராசசர் போட்டால் அடிக்கடி வரும் திரை இது. எஸ்எஸ்டியில் இன்னும் ஒன்றுமே இல்லாத புதுக் கணினியில் ‘ஒய்’ அழுத்துவதால் நஷ்டம் எதுவும் கிடையாது. அழுத்தத்தான் ஆளில்லை. ப்ளூடூத் கீபோர்டின் இணைப்புப் பட்டனைப் பிடித்ததும் அதன் விளக்கு படபடவென்று மின்னியது. எதிர்ப்பக்கம் பதில் சொல்ல யாரும் இல்லை. மவுஸ் டாங்கிள் செருகியிருந்தும் பயனில்லை, அந்தத் திரைக்கு எழுத்து விசை ஒன்றுதான் தெரியும்.

அரைமணி நேரம் கழித்து, வரவேற்பறை டிவிக்கு வாங்கிய உள்ளங்கை அளவு மினி கீபோர்டின் டாங்கிளைச் செருகி ‘ஒய்’ அழுத்தினார்கள். கணினி நகர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மினி கீபோர்டும் வயர்லெஸ்தான் என்பது. அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகிறது.

இரண்டு வயர்லெஸ், இரண்டு வேறு ஏற்பாடு

டாங்கிளோடு வரும் கீபோர்டில் ரேடியோ வேலை முழுவதையும் டாங்கிளே முடித்துவிடுகிறது. எந்தக் கீபோர்டு தன்னுடையது என்ற நினைவு அதற்குள்ளேயே பதிந்திருக்கிறது. கணினியின் பக்கம் திரும்பி அது சொல்வது ஒன்றே ஒன்று: ‘நான் ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டு.’ பயாஸ், அதாவது விண்டோஸ் போன்ற ஓஎஸ் (இயங்குதளம்) ஏறும் முன்பே போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள், வயர் கீபோர்டைப் படிப்பதும் இதே மொழியில்தான். யூஎஸ்பி கீபோர்டுகளுக்கு ‘பூட் புரோட்டோகால்’ என்ற எளிய முறை ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் 8 பைட் போகும். முதல் பைட்டில் ஷிப்ட், கண்ட்ரோல் போன்றவை, இரண்டாவது காலி, மீதி ஆறில் அழுத்திய விசைகள். அவ்வளவுதான். எந்த டிரைவரும் இல்லாமல், எந்த ஓஎஸ்ஸும் இல்லாமல் ஒரு பயாஸ் இதைப் புரிந்துகொள்ளும்.

ப்ளூடூத்தில் அந்த நினைவு டாங்கிளில் இல்லை, ஓஎஸ்ஸில் இருக்கிறது. இணைக்கும்போது இரு பக்கமும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவி உருவாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. கணினிப் பக்கத்துப் பிரதி விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியிலோ லினக்ஸின் கோப்புகளிலோ உட்கார்ந்திருக்கும். அதற்கும் முன்னால் இன்னொரு தடை இருக்கிறது. இன்றைய வைஃபை-ப்ளூடூத் சிப்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் தம் ஃபர்ம்வேரை (சிப்பை இயக்கும் உள் மென்பொருள்) ஓஎஸ் டிரைவரிடமிருந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் முழுதாக வேலை செய்யத் தொடங்கும். ஓஎஸ்ஸே போடாத கணினியில் அந்தச் சிப் தூங்கிக்கொண்டிருக்கும் வாட்ச்மேன் மாதிரி. கதவைத் தட்டினாலும் எழுந்திருக்காது.

பயாஸிலேயே ப்ளூடூத்தைச் சேர்க்க முடியாதா? முடியும். 2015-இல் வந்த யூஇஎஃப்ஐ 2.5 என்ற, இன்றைய பயாஸ்களுக்கான பொது விதித்தொகுப்பிலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் கடையில் தனியாக வாங்கும் டெஸ்க்டாப் போர்டுகளில் அதை எதிர்பார்க்க முடியாது. ‘ஆப்பிள் கணினியில் ப்ளூடூத் கீபோர்டு முதல் நொடியிலிருந்தே வேலை செய்கிறதே’ என்று கேட்பார்கள். அங்கே கணினியும் கீபோர்டும் ஃபர்ம்வேரும் ஒரே நிறுவனத்துடையவை. இணைப்புச் சாவி ஓஎஸ்ஸுக்கு வெளியே, போர்டின் நினைவகத்திலும் வைக்கப்படுகிறது. அந்த அனுபவத்தை அசெம்பிள் கணினிக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

டாங்கிள் என்ற சொல்லும் ஒரு குழப்பம். கடையில் ‘டாங்கிள் கொடுங்க’ என்றால் இரண்டு வேறு பொருள் கிடைக்கும். ஒன்று, கீபோர்டுடனோ மவுஸுடனோ ஜோடியாக வரும் ரிசீவர். மற்றொன்று, ப்ளூடூத் இல்லாத கணினிக்குப் ப்ளூடூத் சேர்க்கும் அடாப்டர். இரண்டும் நகத்தளவு, இரண்டும் கருப்பு. பின்னதைப் பயாஸ் திரையில் செருகினால் ஒன்றுமே நடக்காது. அது வெறும் ரேடியோ, அதற்கும் ஓஎஸ் வேண்டும். அதேபோல மவுஸுக்கு வந்த ரிசீவரில் வேறு கம்பெனிக் கீபோர்டைச் சேர்த்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். லாஜிடெக்கின் யூனிஃபையிங் (2009), போல்ட் (2021) போன்ற ரிசீவர்களில் ஆறு சாதனம் வரை சேர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டும் ஒன்றோடொன்று சேராது. புதிதாக ஒரு சாதனத்தைச் சேர்க்க மென்பொருள் வேண்டும், அதாவது ஓஎஸ் ஓடும் இன்னொரு கணினி வேண்டும். லேப்டாப் கையில் இருந்தால் ரிசீவரை அதில் செருகிச் சேர்த்துவிட்டுப் புதுக் கணினிக்கு மாற்றலாம். நினைவு ரிசீவரிலேயே தங்கிவிடுவதால் இது நன்றாகவே வேலை செய்யும்.

வயர், டாங்கிள், ப்ளூடூத் மூன்றும் உள்ள கீபோர்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி குறைவு, இரண்டு எச்சரிக்கைகளோடு. பக்கவாட்டு ஸ்விட்ச்சை வயர் நிலைக்குத் தள்ளாமல் கேபிளைச் செருகினால் பல மாடல்கள் சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொண்டு மௌனமாக இருக்கும். கேபிளும் தரவு போகும் கேபிளாக இருக்க வேண்டும். பவர் பேங்கோடு வந்த கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பி இரண்டுதான் உண்டு. சில கீபோர்டுகளில் டைப்-சி துளையே சார்ஜுக்கு மட்டும்தான். வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தில் ‘வயர்டு மோடு’ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பயாஸுக்குள் டாங்கிள் கீபோர்டு

‘ஒய்’ தாண்டியதும் அடுத்த வேலை பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை, அதாவது ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை, இயக்குவது. செய்யாவிட்டால் 6000 வேக ரேம் 4800-இலேயே ஓடும். இங்கே டாங்கிள் கீபோர்டுக்கே உரிய சில தொல்லைகள் தலைகாட்டின.

முதல் தொல்லை தூக்கம். பேட்டரியைச் சேமிக்க இந்தக் கீபோர்டுகள் கொஞ்ச நேரத்தில் உறங்கிவிடும்; எழுப்பும் முதல் அழுத்தம் பல மாடல்களில் கணினிக்குப் போய்ச் சேராது. கணினி பயாஸ் விசைக்காகக் காத்திருப்பதோ இரண்டு மூன்று நொடி. எனவே பவர் பட்டனைத் தொடும் முன்பே ஏதாவது ஒரு விசையைத் தட்டி எழுப்பிவிட்டு, பிறகு டெலீட் விசையை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்திருப்பதைவிட இது நம்பகமானது.

இரண்டாவது, எஃப் விசைகள். சின்னக் கீபோர்டுகளில் எஃப்2 அழுத்தினால் ஒலியோ வெளிச்சமோ மாறும்; உண்மையான எஃப்2 வேண்டுமானால் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பயாஸில் சேமித்து வெளியேற எஃப்10, பூட் மெனுவுக்குப் போர்டைப் பொறுத்து எஃப்8, எஃப்11, எஃப்12. ‘விசை வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் கணிசமானவை எஃப்என் விவகாரம்தான். மேக் அமைப்புக் கீபோர்டு என்றால் டெலீட் என்று எழுதியிருப்பது நம் பேக்ஸ்பேஸ், அதை அழுத்திப் பயாஸுக்குள் போக முடியாது.

மூன்றாவது யாரும் சொல்லித்தராதது. வயர் கீபோர்டில் கணினி உறைந்துவிட்டதா என்று பார்க்கக் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். விளக்கு மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். டாங்கிள் கீபோர்டுகள் பலவற்றில் அந்த விளக்கே கிடையாது. எக்ஸ்போவை இயக்கிச் சேமித்ததும் மெமரி ட்ரெயினிங் மறுபடி நடந்து திரை மீண்டும் கருத்தது. கணினி செத்துவிட்டதா, யோசிக்கிறதா என்று கீபோர்டைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. போர்டில் இருக்கும் விளக்குகளைத்தான் பார்க்க வேண்டும். கேபினெட்டை மூடாமல் வைத்திருந்தது இங்கே உதவியது.

கேமிங் கீபோர்டுகளின் டாங்கிள்களில் வேறொரு சிக்கல் வரும். ஒரே நேரத்தில் எத்தனை விசை அழுத்தினாலும் பதிவாகும் முறையில் அவை இருக்கும்போது 8 பைட்டுப் பூட் புரோட்டோகாலைச் சில மாடல்கள் ஒழுங்காக மதிப்பதில்லை. விண்டோஸில் பிரமாதமாக ஓடும், பயாஸில் ஊமை. அப்படியொரு கீபோர்டில் ஆறு விசை முறைக்கு மாற்றும் ஸ்விட்ச்சோ விசைச் சேர்க்கையோ இருந்தால் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். டாங்கிளை மானிட்டரின் யூஎஸ்பி ஹப்பிலோ, ஒரே கீபோர்டை இரண்டு கணினிக்கு மாற்றிக்கொடுக்கும் கேவிஎம் ஸ்விட்ச்சிலோ செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றி நேராகப் போர்டின் பின்பக்கத் துளையில் செருகிப் பார்க்க வேண்டும்.

மவுஸ் துள்ளிய இருபது நிமிடம்

விண்டோஸ் போடும்போது நடந்தது இந்த நிகழ்விலேயே சுவையான பகுதி. பென்டிரைவிலிருந்து நிறுவல் தொடங்கியதும் மவுஸ் அம்புக்குறி திக்கித் திக்கி நகர்ந்தது. ஒரு நொடி நிற்கும், பிறகு திரையின் மறுமுனைக்குத் தாவும். மினி கீபோர்டில் அழுத்திய எழுத்து சில சமயம் வரவே இல்லை, சில சமயம் இரண்டு முறை வந்தது. பேட்டரியை மாற்றினார்கள், பலனில்லை. கோப்புகள் நகலெடுத்து முடிந்து கணினி ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. பேட்டரி காரணமென்றால் இப்படிச் சரியாகியிருக்காது.

பின்பக்கத்தில் பார்த்தால், நீல நிற யூஎஸ்பி 3 துளையில் பென்டிரைவ், அதை ஒட்டிய துளையில் மவுஸ் டாங்கிள், அதற்கடுத்து மினி கீபோர்டு டாங்கிள். யூஎஸ்பி 3-இல் தரவு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது அதன் மின்காந்த இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலும் பரவுகிறது. இன்டெல் 2012-இலேயே இதைப் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கேபிளிலிருந்தும் துளையிலிருந்தும் செருகிய சாதனத்திலிருந்தும் இந்த இரைச்சல் கசியும். டாங்கிளின் ஆன்டெனாவோ அந்தத் துளையிலிருந்து ஒரு விரல்கடை தூரத்தில். மேசைமேல் இருக்கும் மவுஸ் அனுப்பும் மெல்லிய சிக்னல், காதருகே மேளம் வாசிக்கும்போது எதிர்வீட்டிலிருந்து கூப்பிடும் குரல் மாதிரி அதில் அமுங்கிப்போகிறது. பக்கத்து வீட்டு வைஃபை ஒரு சேனலை அடைத்துக்கொண்டால் மவுஸ் வேறு சேனலுக்குத் தாவித் தப்பிக்கலாம். இந்த இரைச்சல் பட்டை முழுவதும் பரவியிருப்பதால் தாவ இடமில்லை. பென்டிரைவில் தரவு ஓடும்வரைதான் தொல்லை என்பதும் இதனால்தான்.

ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிள் வாங்கி டாங்கிளை மேசைமேல் கொண்டுவருவது மிகச் சிறந்த மருந்து. இரும்புக் கேபினெட்டின் முதுகுப்புறம், அதுவும் மேசைக்கடியில், சுவரோரத்தில் டாங்கிள் இருந்தால் பெட்டியில் எழுதியிருக்கும் 10 மீட்டர் எல்லாம் கணக்குக்கு வராது. நடுவே இருப்பது தகரம், மரம், உட்கார்ந்திருப்பவரின் கால். கேபிள் இல்லாவிட்டால் பென்டிரைவை ஒரு முனைத் துளையிலும் டாங்கிளை மறுமுனையில் உள்ள யூஎஸ்பி 2.0 துளையிலும் வைக்கலாம். 2.0 துளைகள் வழக்கமாகக் கருப்பு நிறம், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் போர்டின் கையேட்டைப் பார்க்க வேண்டும். கேபினெட்டின் முன்பக்கத் துளைகளில் மவுஸ் டாங்கிளையும் பென்டிரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நிறுவலில் கீபோர்டுக்கு அதிக வேலை இல்லை. சீரியல் எண் கேட்கும் இடத்தில் ‘என்னிடம் இல்லை’ என்பதை மவுஸால் கிளிக் செய்துவிட்டு நகரலாம். எஸ்எஸ்டியைப் பகுதிகளாகப் பிரிப்பதும் மவுஸாலேயே முடியும். ரீஸ்டார்ட் ஆனபிறகு பெயர், கடவுச்சொல் கேட்கும் திரைகளில் மூலையில் ஒரு மனித உருவச் சின்னம் இருக்கும். அதற்குள் திரைக் கீபோர்டு உண்டு. ஆக, டாங்கிள் மவுஸ் ஒன்று இருந்தால் விண்டோஸ் போட்டு முடித்துவிடலாம். பயாஸ் கேட்கும் கேள்விக்குத்தான் கீபோர்டு கட்டாயம்.

உண்மையான முட்டுக்கட்டை நெட்வொர்க் திரையில் வந்தது. விண்டோஸ் 11 இணையம் இல்லாமல் மேலே நகர மறுக்கிறது, வைஃபை சிப்புக்கான டிரைவர் நிறுவல் பென்டிரைவில் இல்லை, பட்டியல் காலி. அங்கே செய்தது, ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போட்டது. அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் உடனே இணையம் வந்துவிட்டது. ஐபோனில் இந்தக் குறுக்குவழி வேலை செய்யாது, அதற்கு ஆப்பிளின் டிரைவர் முதலில் வேண்டும். ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுப்பது இன்னொரு வழி. போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை, ப்ளூடூத், லேன் மூன்றின் டிரைவர்களையும் முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் ஒரு ஃபோல்டராக வைத்திருந்தால் இந்தத் திரையில் வியர்க்க வேண்டியதில்லை. புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் அதே திரையில் டிரைவர் நிறுவும் பட்டனும் இருக்கிறது.

ப்ளூடூத்தின் முறை

விண்டோஸ் மேசைத்திரை வந்த பிறகும் அமைப்புகளில் ப்ளூடூத் ஸ்விட்ச்சைக் காணோம். வைஃபை டிரைவரை மட்டும் போட்டிருந்தார்கள். ஒரே சிப்தான், ஆனால் வைஃபை பகுதி பிசிஐ வழியாகவும் ப்ளூடூத் பகுதி யூஎஸ்பி வழியாகவும் போர்டோடு பேசுகின்றன. டிரைவர்களும் இரண்டு தனித் தொகுப்புகள். இரண்டாவதைப் போட்டதும் ஸ்விட்ச் வந்தது.

இந்த யூஎஸ்பி விஷயம் வைஃபை இல்லாத போர்டு வாங்கித் தனியாகப் பிசிஐ கார்டு போடுபவர்களை இன்னும் படுத்தும். அந்தக் கார்டோடு ஒரு மெல்லிய கேபிள் வரும். அதைப் போர்டின் கீழ் ஓரத்தில் உள்ள 9 ஊசி யூஎஸ்பி 2.0 இணைப்பில் செருக வேண்டும். விட்டுவிட்டால் வைஃபை ஜோராக ஓடும், ப்ளூடூத் இருக்கவே இருக்காது. டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் வராது. முன்பக்க ஆடியோவுக்கான இணைப்பும் 9 ஊசிதான், பக்கத்திலேயே இருக்கும். ஊசி இல்லாத இடம் இரண்டிலும் வேறு. யூஎஸ்பியில் 9-ஆம் இடம் காலி, ஆடியோவில் 8-ஆம் இடம். சுலபமாக இறங்காவிட்டால் அழுத்தாமல் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கீபோர்டை இணைத்தபோது இன்னொன்று. கணினிக்கு ஒரு சாண் அருகில் வைத்தால் இணைகிறது, மேசைக்குக் கொண்டுபோனால் அறுந்துவிடுகிறது. மதர்போர்டுப் பெட்டியின் அடித்தட்டில், சாட்டா கேபிள்களுக்குக் கீழே ஆன்டெனாக்கள் உறை பிரிக்காமல் கிடந்தன. ‘வைஃபை இப்போதைக்கு வேண்டாம், லேன் இருக்கிறதே’ என்று ஆன்டெனாவைப் பொருத்தாமல் விடுவது வழக்கமான தவறு. ப்ளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். இரண்டில் எதை ப்ளூடூத் பயன்படுத்துகிறது என்று போர்டில் எழுதியிருக்காது, எனவே இரண்டையும் பொருத்த வேண்டும். விரலால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம்.

இணைக்கும் முறையில் மூன்று சாதனக் கீபோர்டு (1, 2, 3 எண்களில் ஆளுக்கொரு சாதனத்தை நினைவில் வைப்பது) வைத்திருப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1-ஆம் எண்ணில் லேப்டாப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே அழுத்திப் பிடித்துப் புதுக் கணினியோடு இணைத்தால் லேப்டாப் போய்விடும். காலியாக உள்ள எண்ணை மூன்று நொடி பிடித்து, விளக்கு வேகமாக மின்னியதும் விண்டோஸில் சாதனத்தைச் சேர்க்க வேண்டும். திரையில் ஆறு இலக்க எண் தோன்றும். அதை அந்தக் கீபோர்டிலேயே அடித்து எண்டர் தட்ட வேண்டும். எண்ணை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இணையவில்லை’ என்று சொல்பவர்கள் எண்ணிக்கையில் குறைவல்ல. பக்கத்தில் லேப்டாப் விழித்திருந்தால் ப்ளூடூத்தை அதில் தற்காலிகமாக அணைத்துவிடுவது நல்லது.

லினக்ஸும் விண்டோஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஓஎஸ்ஸிலும் கணினியின் ப்ளூடூத் முகவரி ஒன்றே, ஆனால் சாவி வேறு. ஒன்றில் இணைத்தால் மற்றதில் இணைப்பு முறியும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் உள்ள சாவியை எடுத்து லினக்ஸின் ப்ளூடூத் கோப்பில் எழுதிச் சரிசெய்ய முடியும். பொறுமை இல்லாதவர்கள் ஓஎஸ்ஸுக்கு ஓர் எண் என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம்.

டாங்கிள் கீபோர்டுகளைப் பாராட்டியாகிவிட்டது, எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். மலிவான 2.4 கிகாஹெர்ட்ஸ் கீபோர்டுகள் பல, அழுத்தும் எழுத்துகளை மறையாக்கம் செய்யாமல் அப்படியே காற்றில் அனுப்புவதை 2016-இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டியது. பெயர் தெரியாத கம்பெனியின் மினி கீபோர்டு பயாஸில் ‘ஒய்’ அழுத்த நல்லது. வங்கிக் கடவுச்சொல் அடிக்க அல்ல. தினசரி வேலைக்கு ஒழுங்காக இணைத்த ப்ளூடூத் கீபோர்டே மேல்.

மறுபடி அதே திரை

ஒரு மாதம் நன்றாக ஓடியது. இடையில் வேகமாகத் தொடங்கட்டும் என்று பயாஸில் ஃபாஸ்ட் பூட்டை உச்ச நிலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த நிலையில் போர்டு தொடங்கும்போது யூஎஸ்பி சாதனங்களைத் தேடுவதையே தவிர்த்துவிடும். அதன் பிறகு டெலீட் விசைக்கு எந்தக் கீபோர்டும் பயன்படாது, வயர் கீபோர்டு உட்பட. விண்டோஸுக்குள்ளிருந்து ஷிப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் நீலத்திரையில் பிழைதிருத்தம், மேம்பட்ட விருப்பங்கள், யூஇஎஃப்ஐ அமைப்புகள் என்று போனால் பயாஸ் திறக்கும். விண்டோஸே ஏறாத நிலை என்றால் சிஎம்ஓஎஸ்ஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் நினைவகம்) அழிக்கும் ஊசிகளைத்தான் தேட வேண்டும். ஃபாஸ்ட் பூட்டால் மிச்சமாவது சில நொடி. அதற்கு இந்தப் பாடு தேவையில்லை.

பிறகு பயாஸ் அப்டேட் செய்தார்கள். மெமரி ட்ரெயினிங், கருப்புத் திரை, நிமிடங்கள், வெள்ளை எழுத்துகள்: ‘ஒய்’ அல்லது ‘என்’. எழுத்து அதேதான். அர்த்தம் இப்போது வேறு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்டால் எஸ்எஸ்டி தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறையாக்க முறையில் பூட்டப்பட்டுவிடும். திறக்கும் சாவி எஃப்டிபிஎம்மில் இருக்கும். இப்போது ‘ஒய்’ அழுத்தினால் அந்தச் சாவி போய்விடும், மீட்புச் சாவியை அடித்தால்தான் விண்டோஸ் திறக்கும். ‘என்’ அழுத்தினால் எஃப்டிபிஎம் இயங்காமல் நிற்கும், அங்கேயும் மீட்புச் சாவிதான் கேட்கும். அப்டேட்டுக்கு முன்பே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று போனில் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

சாவி இருந்தது. ‘ஒய்’ அழுத்தியதும் வந்த நீலத் திரை 48 இலக்கம் கேட்டது. அந்தத் திரையும் விண்டோஸுக்கு முந்தையது; ப்ளூடூத் கீபோர்டு அங்கேயும் ஊமை. மேசையிழுப்பிலிருந்து மினி கீபோர்டு மறுபடி வந்தது. எண் விசைகள் தொல்லை கொடுத்தால் எஃப்1 முதல் எஃப்9 வரை 1 முதல் 9, எஃப்10 என்றால் 0 என்று அந்தத் திரை ஏற்றுக்கொள்ளும். ஆறு இலக்கமாக எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைந்திருப்பதால், ஓர் இலக்கம் தவறினாலும் அந்தக் குழுவிலேயே தெரிந்துவிடும், கடைசிவரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஐந்தாவது குழுவில் ஒரு முறை தவறியது. திருத்தி முடித்ததும் விண்டோஸ் ஏறியது.

மறுநாள் கடையில் நானூறு ரூபாய்க்குள் ஒரு வயர் கீபோர்டு வாங்கி, டிரைவர் பென்டிரைவோடு சேர்த்து மதர்போர்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். மினி கீபோர்டு டிவிக்கே திரும்பிப் போனது. மவுஸ் டாங்கிள் இப்போது நீட்டிப்புக் கேபிளின் முனையில், மானிட்டர் காலடியில் இருக்கிறது. ஆசைப்பட்டபடி மேசைமேல் வயரே தெரியாமல் வைக்க முடியவில்லை, அந்த ஒரு கேபிள் மட்டும் தெரிகிறது.